சீப்பு நிற்காத தலை

“ராத்திரி படுக்கும்போது முடியை இறுக்கிக் கட்டாதீங்க. இறுக்கினா வேர் ஆடிப்போயிடும். ஒரு சாட்டின் துணியில தொளதொளன்னு சுத்தி விடுங்க, போதும். ஈரத் தலையோட படுக்கவே படுக்காதீங்க. தினமும் ஒரே இடத்துல கிளிப் குத்தாதீங்க. தலையணைக்கும் சாட்டின் உறையே போடுங்க. பருத்தி உறை இருக்கே, அது அரம் மாதிரி முடியைத் தேய்ச்சிடும்.”

இதை அவள் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சொன்னாள். ஒன்பது வருஷம் சொன்னாள். பஸ் கண்டக்டர் ‘உள்ளே போங்க’ என்று சொல்கிற அதே குரலில், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல், அடுத்து வரவேண்டிய தேதியை நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சிலர் எழுதிக்கொண்டார்கள். ஓர் அம்மாள் போனில் பதிவு செய்துகொண்டு போனார். ‘நீங்க அப்படித்தான் கட்டுறீங்களா?’ என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்க அவசியமும் இல்லாமல் இருந்தது. அவளுடைய தலைக்கு மேலே சுவரில் அவளுடைய படம். படத்தில் இடுப்பு வரைக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் முடி. படத்துக்குக் கீழே அதே முடியோடு அவளே உட்கார்ந்திருந்தாள். சாட்சி சொல்ல இதற்கு மேல் யார் வேண்டும்?

கைகாட்டி மரம் ஊருக்கு வழி காட்டும், ஊருக்குப் போகாது. அவளும் ராத்திரியில் தன் தலையை இறுக்கித்தான் கட்டினாள். அதையும் அவள் கட்டவில்லை, அவள் கணவன் கட்டினான். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

அவளை அந்த பியூட்டி பார்லரில் எல்லோரும் ‘ரிப்பன்’ என்றார்கள். பார்லர் ஒரு முதல் மாடியில் இருந்தது. கீழே செருப்புக் கடை. மாடிக்கு ஏறுகிறவர்களுக்குப் பாதிப் படி வரை புதுத் தோல் வாசனையும் மீதிப் படியில் மருந்து நெடியும் அடிக்கும். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் முன்பக்கம்: ஏசி, நான்கு சுழல் நாற்காலி, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் முதுகு சாய்கிற ஒரு நாற்காலி. அந்தக் கடைசி நாற்காலிதான் அவளுடையது. அங்கிருந்து பதினோரு எட்டு நடந்தால் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அப்பால் ஜன்னல் இல்லாத ஓர் அறை, துவைக்கும் இயந்திரம் இரண்டு, உலர்த்தும் இயந்திரம் ஒன்று, நாளொன்றுக்கு நூற்றெண்பது துண்டுகள். அங்கே உட்கார எதுவும் கிடையாது. ‘ஸ்டூல் போட்டா உக்காந்துடுவாங்க’ என்பது கடை முதலாளியான மேடத்தின் கருத்து. கருத்து சரிதான். ஸ்டூல் என்பதே அதற்காகத்தானே.

இருபத்தேழு வயதில் அவள் வேலைக்குச் சேர்ந்தது திரைக்குப் பின்னால்தான். இரண்டு வருஷத்தில் சலவை மருந்து அவள் விரல் இடுக்குகளைப் பிளந்தது. ஈரத் தரை அவள் முட்டிகளுக்குள் ஏறிக்கொண்டது. சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவாள், நண்டு மாதிரி.

அப்போது அவள் ரிப்பன் இல்லை. பிறவியில் அவளுக்கு வாய்த்தது, சீப்பு உள்ளே போனால் வெளியே வர மனசில்லாத முடி. அண்ணன் அவளைப் ‘புதர்’ என்று கூப்பிட்டான். பேனா மூடி தொலைந்தால் முதலில் அவள் தலையில் தேடுவான். அம்மா கடையில் சீப்பு வாங்கும்போது, “பல்லு உறுதியா இருக்குமா?” என்று கேட்பாள், தன் சொந்தப் பல்லைப் பற்றி விசாரிக்கிற அக்கறையோடு. பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருக்கு முகம் கிடையாது.

அந்தத் தலைதான் அவளைக் காப்பாற்றியது. முடியை நேராக்கும் புது மருந்து ஒன்றை மேடம் வரவழைத்திருந்தார். போட்டுப் பார்க்க ஒரு தலை தேவைப்பட்டது. திரையை விலக்கி, துண்டு மடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

“உன் தலை நேரானா ஊர்ல எவ தலையும் நேராகும். வா, உக்காரு.”

இரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் அவளிடம் யாரும் ‘உக்காரு’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஏழு மணி நேரம் உட்கார்ந்தாள். கடையின் மூத்த முடிதிருத்துநரான மாஸ்டர் மருந்து தடவினார், அலசினார், சூட்டு இரும்பால் இழை இழையாக இழுத்தார். எழுந்து கண்ணாடியைப் பார்த்தபோது, யாரோ தனக்கு முன்னால் வந்து நின்று மறைப்பதாக நினைத்து அவள் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தாள். அடுத்த நாளே படம் எடுத்தார்கள். இப்படிப்பட்ட விளம்பரத்தைத் திரைக்குப் பின்னால் துண்டு துவைக்க வைப்பது வியாபாரம் தெரிந்தவர் செய்கிற காரியமா? மேடத்துக்கு வியாபாரம் தெரியும். அவள் முன்பக்கத்து நாற்காலிக்கு வந்தாள்.

நாற்காலியோடு ஒரு சட்டமும் வந்தது. தினமும் பத்து மணிக்குக் கடை திறக்குமுன் முன்பக்கத்துப் பெண்கள் மேடத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். மேடத்திடம் கனமான எவர்சில்வர் சீப்பு ஒன்று உண்டு. அதை நெற்றி ஓரத்தில் வைத்து, உச்சி தாண்டும் வரை விரலால் நகர்த்தி, விட்டுவிடுவார். சீப்பு தன் கனத்திலேயே முடியில் வழுக்கிக்கொண்டு போய், கீழே காத்திருக்கும் அவருடைய இடது கையில் விழ வேண்டும். நடுவில் நின்றால், நின்ற தலைக்குரியவள் அன்றைக்குத் திரைக்குப் பின்னால். மூன்று நாள் தொடர்ந்து நின்றால் அங்கேயேதான். இவ்வளவும் பார்க்கிற மேடம் தன் முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருந்தார். ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறவர்.

மருந்து போட்ட முடி நேராகத்தான் இருக்கும். ஆனால் வேரில் புதிதாக முளைப்பதற்கு மருந்து போட்ட சங்கதி தெரியாது. அது தன் பாட்டுக்குச் சுருண்டுகொண்டு வரும். கடை ஊழியர்களுக்கு எட்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வேரில் மருந்து. மீதி நாட்களில் அந்தச் சுருளை ராத்திரிக் கட்டுதான் அமுக்கி வைத்திருக்க வேண்டும். தொளதொளவென்று கட்டினால் வாடிக்கையாளருக்குப் போதும். அவர்கள் தலையில் யாரும் எவர்சில்வர் சீப்பைப் போட்டுப் பார்ப்பதில்லை.

முதலில் அவளும் தொளதொளவென்றுதான் கட்டினாள். நான்காம் மாதம் ஒரு காலையில் சீப்பு பிடரிக்கு மேலே நின்றது. அன்று முழுக்க அவள் நூற்றெண்பது துண்டோடு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சாட்டின் துணியைக் கொடுத்தாள்.

“நீங்க கட்டுங்க. என் கைக்கு இறுக்கம் வர மாட்டேங்குது.”

“எவ்வளவு இறுக்கணும்?”

“அசையக் கூடாது.”

“அவ்வளவுதானே?”

பத்து மாடி உயரத்தில் எட்டுப் பேரைச் சுமக்கிற கம்பிகளோடு பழகியவனுக்கு இது ஒரு வேலையே இல்லை. முடியைத் தலையைச் சுற்றி வழவழவென்று வளைத்து, மேலே துணி போட்டு, நெற்றி ஓரத்தோடு இரண்டு விரல் அகல எலாஸ்டிக் பட்டை ஒன்றை ஓட்டி, பிடரியில் இரட்டை முடிச்சுப் போட்டான். ஒரு விரலை உள்ளே நுழைத்துப் பார்த்தான். விரல் நுழையவில்லை.

“இது அறுந்தாதான் உண்டு,” என்றான் திருப்தியாக.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. கட்டும்போது அவன் அன்றைக்கு எந்தக் கட்டடத்தில் யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்வான். ஒரு நாள் சண்டை போட்டுப் பேசாமல் இருந்த பங்காளிகள் இரண்டு பேர் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது இன்னும் மோசமாகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் குலுங்கிச் சிரிப்பாள். “ஆடாதே, முடிச்சு நழுவும்,” என்பான். ஒரு நாளில் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு, எரிச்சல் இல்லாமல் பேசிக்கொள்வது அந்தப் பத்து நிமிஷம்தான். பல வீடுகளில் அதுகூட இல்லை. நெற்றிப் பொட்டில் விண் விண்ணென்று தெறிக்கும். நன்றாகக் கட்டியிருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு தூங்கிவிடுவாள்.

சீப்பு அதற்குப் பிறகு நிற்கவில்லை. வருஷம் ஆக ஆக இன்னும் வேகமாக விழுந்தது. “பாருங்க, ரிப்பனைப் பாத்துக் கத்துக்கங்க,” என்று மேடம் மற்றவர்களிடம் சொன்னார். “வர வர மெருகு ஏறுது.” கூட்டம் குறைந்த தெருவில் வண்டி வேகமாகத்தான் போகும் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான். சீப்பு எத்தனை வேகமாக விழுந்ததோ அத்தனை சந்தோஷமாக அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

முதலில் பார்த்தவர் மாஸ்டர். அவருக்கு முழு வழுக்கை. முடி வெட்டுகிறவருக்கு வழுக்கை இருப்பது, பல் டாக்டருக்குப் பொய்ப்பல் இருப்பதுபோல, கொஞ்சம் நம்பிக்கையைக் கெடுக்கிற விஷயம். ஆனால் அடுத்தவர் தலையை அவர் படிக்கிறபடி யாரும் படிக்க முடியாது.

“என்ன ரிப்பன், நெத்தி வளருது?”

“எனக்கு மூளை வளருது மாஸ்டர்.”

“மூளை வளர்ந்தவளுக்கு இந்தக் கடையில என்ன வேலை?” சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வெளையாட்டுக்குச் சொல்லல. ராத்திரிக் கட்டைக் கொஞ்சம் தளர்த்து.”

“தளர்த்தினா சீப்பு நிக்கும்.”

“என் தலையைப் பாரு. என்னைக்காவது சீப்பு நின்னிருக்கா?”

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கண்ணாடியில் நெற்றி ஓரத்தைப் பார்த்தாள். காதுக்கு முன்னால், முன்பு முடி இருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தோல் பளபளவென்றிருந்தது. எலாஸ்டிக் பட்டையின் அகலமும் இரண்டு விரல்தான். அந்தக் கணக்கை அவள் போடவில்லை. வகிட்டை மாற்றி எடுத்தாள். புருவம் தீட்டுகிற கறுப்புப் பென்சிலால் வெறும் தோலை நிரப்பினாள். பட்டையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டச் சொன்னாள், மிச்சம் இருக்கிற முடியாவது பத்திரமாக இருக்கட்டும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவன் குளியலறைத் தண்ணீர் வெளியே போகும் குழாயின் அடைப்பை எடுத்தான். கம்பியில் சுற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்தவன், “நம்ம வீட்டுல இன்னொரு பொம்பளையும் தல சீவுறாளா?” என்று கேட்டபடியே திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அடுத்த வாரம் இருவரும் தோல் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரம்மா பேனா முனையால் முடியை ஒதுக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“ராத்திரி தலைக்கு என்ன பண்றீங்க?”

சொன்னாள். துணி, பட்டை, இரட்டை முடிச்சு எல்லாம்.

“எத்தனை வருஷமா?”

“ஒன்பது.”

“இறுக்கிக் கட்டக் கூடாதுன்னு உங்ககிட்ட யாருமே சொல்லலையா?”

“சொல்லியிருக்காங்க.”

“யாரு?”

“நான்தான்.”

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “வேலியே பயிரை மேஞ்சிருக்கு. முடியைக் காப்பாத்துறேன்னு தினம் ஏழு மணி நேரம் வேரைப் பிடிச்சு இழுத்திருக்கீங்க. நெத்திப் பக்கம் துவாரமே மூடியாச்சு, அங்க இனிமே வராது. அதுக்குப் பின்னால, இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கு. எட்டு மாசம் கட்டாம, மருந்து போடாம, சூடு காட்டாம விட்டீங்கன்னா வரலாம்.”

“வர்றது எப்படி டாக்டர் வரும்?”

“எப்படின்னா?”

“நேராவா, சுருளாவா?”

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. “அது உங்க முடிம்மா. உங்களுக்கு எப்படியோ அப்படித்தான் வரும்.”

கணவன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி. பஸ்ஸில் வரும்போது சொன்னான்.

“நான்தானே கட்டினேன்.”

“நான் சொல்லித்தானே கட்டுனீங்க.”

“வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“வலிச்சாதான் சரியா கட்டியிருக்குன்னு நெனச்சேன்.”

அன்று ராத்திரி கட்டு இல்லை. சாட்டின் துணியைத் தொளதொளவென்று சுற்றிக்கொண்டு, சாட்டின் உறை போட்ட தலையணையில், ஈரமில்லாத தலையோடு, கிளிப் இல்லாமல் படுத்தாள். தன் பாடத்தைத் தானே கேட்டு நடந்தது ஒன்பது வருஷத்தில் அன்றுதான். பத்து நிமிஷப் பேச்சு மட்டும் அந்தரத்தில் நின்றது. கைக்கு வேலை இல்லாமல் கதை சொல்ல அவனுக்கு வரவில்லை.

காலையில் முடிக்கு ஏதோ ஒரு மெழுகைத் தடவி, படிய வாரிக்கொண்டு போனாள். சீப்பு முன்பு மாதிரி ஓடவில்லை, நடந்தது. ஆனாலும் நிற்கவில்லை. இப்படி ஏழு வாரம் போயிற்று. எட்டாவது வாரம் முகம் கழுவும்போது காதுக்கு மேலே விரலில் ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது. கணவனைக் கூப்பிட்டாள். லிஃப்டின் அடியில் பார்க்கிற டார்ச்சை எடுத்துவந்து அடித்துப் பார்த்தான்.

“வந்திருக்கு.”

“எவ்வளவு?”

“இரு, எண்ணிச் சொல்றேன்.” எண்ணினான். “இந்தப் பக்கம் பதினொண்ணு. அந்தப் பக்கம் பன்னெண்டு.” பிறகு, “புதர் குட்டி போட்டிருக்கு,” என்றான்.

அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டு யாரும் சிரிக்க வைத்தது கிடையாது. அன்று சிரித்தாள். இருபத்து மூன்றும் அரை விரல் நீளம்கூட இல்லை. ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்று நுனியில் சுருண்டிருந்தது.

நான்கு நாள் கழித்து சீப்பு நின்றது. நடுவிலும் இல்லை, பிடரியிலும் இல்லை. புறப்பட்ட இடத்திலேயே நின்றது. மேடம் குனிந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

“இது என்ன பொடிப்பொடியா, சுருட்டிக்கிட்டு?”

“புதுசா முளைக்குது மேடம். டாக்டர்கிட்ட போயிருந்தேன். வேர்ல உயிர் இருக்காம்.”

“உயிர் இருக்கட்டும்மா, யார் வேணாம்னா? படிஞ்சு இருக்கணும். வர்றவங்க உன் தலையைப் பாத்துத்தான் தலையைக் குடுக்கறாங்க.” அலமாரியில் தூசி இருக்கிறது, துடைத்துவிடு என்கிற குரல்தான். அதில் கோபம் இல்லை. “இன்னைக்கு உள்ள பாரு. நாளைக்குப் படிய வெச்சுட்டு வா.”

பதினோரு எட்டு. திரைக்குப் பின்னால் எதுவும் மாறியிருக்கவில்லை. முட்டிகளுக்கு மட்டும் ஒன்பது வயது கூடியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் துண்டு எடுக்கக் குனிந்தவளால் நிமிர முடியாமல், இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இயந்திரம் உதறியது. அதோடு சேர்ந்து அவளும் உதறினாள்.

ராத்திரி துணியையும் எலாஸ்டிக் பட்டையையும் எடுத்து வந்து கணவன் மடியில் போட்டாள்.

“கட்டுங்க.”

“மாட்டேன்.”

“எட்டு மாசம் அங்க நின்னா என் முட்டி போயிடும். முட்டி போனா துண்டு துவைக்கிற வேலையும் போயிடும்.”

“வேற எங்கயாவது பாரு.”

“நாப்பதைத் தொடுற வயசுல, இந்தத் தலையோட, உக்கார நாற்காலி குடுத்து எவன் வேலை தர்றான்? எடத்தைச் சொல்லுங்க, நாளைக்கே போறேன்.”

அவன் யோசித்தான். அவனுக்குத் தெரிந்த உட்காருகிற வேலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மனசில் ஓட்டிப் பார்த்தான் என்பது முகத்தில் தெரிந்தது. பட்டியல் நீளமில்லை. துணியை எடுத்தான்.

“இறுக்குங்க.”

இறுக்கினான்.

“இன்னும்.”

“போதும்.”

“விரலை விட்டுப் பாருங்க.”

விரலை விட்டுப் பார்த்தான். நுழைந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினான். இந்தத் தடவை நுழையவில்லை. அன்றைக்கு எந்த லிஃப்டும் நின்றதாக அவன் சொல்லவில்லை.

இருபத்து மூன்றும் மறுநாளே படிந்தன. சீப்பு விழுந்தது, அவள் நாற்காலிக்குப் போனாள். இரண்டு வாரத்தில் அவற்றால் தொந்தரவே இல்லை. ஒவ்வொன்றாகச் சாட்டின் துணியோடு வந்துவிட்டன. வெள்ளைத் துணியாக இருந்தால் தெரிந்திருக்கும், கறுப்புத் துணி. அவளும் கூர்ந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு அவளை வீழ்த்தியது ஒரு விளக்கு. முன்பக்கம் மங்கலாக இருக்கிறது என்று மேடம் மேசைக்கு மேலே வெள்ளை வெளேரென்று வரிசையாக விளக்குகள் போட்டார். படம் பிரமாதமாகத் தெரிந்தது. படத்துக்குக் கீழே இருந்ததும் தெரிந்தது. வந்த ஒரு வாடிக்கையாளர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இது நீங்களா?”

“ஆமாங்க.”

“எப்ப எடுத்தது?”

“ஒன்பது, பத்து வருஷம் இருக்கும்.”

“அப்போ இந்த மருந்தைப் போட்டா பத்து வருஷத்துல இப்படி ஆயிடுமா?”

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தன் தலையைப் பற்றிய நியாயமான கவலையில் கேட்டார். பதில் வருவதற்குள், வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேடம் நான்காவது சுழல் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காதில் விழாதது அந்தக் கடையில் எதுவும் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவள் வழக்கம்போல் முதுகு காட்டி நின்றாள். மேடம் சீப்பை நெற்றி ஓரத்தில் வைத்தார். விரலால் நகர்த்த வேண்டியே இருக்கவில்லை. இடது கை கீழே வருவதற்குள் சீப்பு தரையில் விழுந்து கணீரென்று ஒலித்தது. அந்தச் சீப்பு தரையில் விழுந்து அங்கே யாரும் கேட்டதில்லை. மாஸ்டர் கத்தரியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“நிக்கல மேடம்,” என்றாள் அவள், திரும்பாமலே.

“நிக்கலம்மா,” என்றார் மேடம். “நிக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.”

பிறகு மேடம் தானே குனிந்து சீப்பை எடுத்து, துணியால் துடைத்தார்.

“நீ உள்ள பாத்துக்க. உன்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டேன், பயப்படாதே.”

“சீப்பு நின்னாதானே மேடம் உள்ள போகணும்?”

அவள் வாழ்க்கையில் கேட்ட மிக நேரான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மேடமும் அதை மதித்தார். ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“அது சட்டம்மா. இது கடை.”

நாற்காலிக்கு மேடத்தின் அண்ணி வந்தார். அவருக்குப் பிறவியிலேயே கம்பி மாதிரி முடி. வாழ்நாளில் மருந்து தொட்டதில்லை, ராத்திரி எதையும் கட்டினதில்லை, பருத்தித் தலையணையில் வாய் பிளந்து தூங்குகிறவர். வந்தவர்களிடம் ராத்திரிப் பாடத்தைச் சீட்டைப் பார்த்துப் படித்தார். சுவரில் இருந்த படத்தை எடுக்கவில்லை. “அந்தப் படம் நல்லா வேலை செய்யுது,” என்றார் மேடம். ஆகவே அவளுடைய முடி முன்பக்கத்திலேயே இருந்தது. முடி போக மிச்சம் இருந்தவள் மட்டும் பின்பக்கம் போனாள்.

இனி அவளை எந்தச் சீப்பும் சோதிக்காது. மருந்து வேண்டாம், கட்டு வேண்டாம். எட்டு மாதம் என்ன, எண்பது மாதம்கூட விட்டுவைக்கலாம். விட்டுவைத்தாள். ஞாயிறுதோறும் கணவன் டார்ச் அடித்துப் பார்த்தான். முதலில் “இன்னும் இல்ல” என்றான், பிறகு “பாப்போம்” என்றான், அப்புறம் டார்ச்சை வேலைப் பையிலேயே வைத்துவிட்டான். டாக்டரம்மா இரண்டாம் தடவை பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. “அன்னைக்கு இருந்த உயிர் இன்னைக்கு இல்லம்மா,” என்றார். முட்டிக்கு வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஒன்றில் மட்டும் அவள் மாறவில்லை. கட்டு இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பது வருஷம் நெற்றிப் பொட்டில் விண்விண்ணென்று தெறிப்பதைத் தாலாட்டாகக் கேட்டுப் பழகியவள். சும்மா கிடக்கும் தலை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் கணவனே எழுந்து துணியை எடுத்துவருவான். அமுக்குவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் பட்டையை ஓட்டி முடிச்சுப் போடுவான். “எங்கயாவது லிஃப்ட் நின்னுச்சா?” என்று அவள் கேட்பாள். “இப்பல்லாம் புது லிஃப்ட், நிக்கறதே இல்ல,” என்பான். துண்டு துவைக்கும்போதும் அந்தத் துணியை அவள் அவிழ்ப்பதில்லை. திரைக்குப் பின்னால் பார்ப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு மத்தியானம் திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அன்றுதான் முடியை நேராக்கியிருந்தாள். கண்ணாடித் தம்ளரைத் தூக்கிக்கொண்டு நடப்பவள்போலத் தலையை ஆட்டாமல் வைத்திருந்தாள்.

“அக்கா, பாத்ரூம் எங்க?”

காட்டினாள். போய்விட்டுத் திரும்பியவள் நின்றாள்.

“முன்னால படத்துல இருக்காங்களே, அவங்க இங்கதான் வேலை பாத்தாங்கன்னு சொன்னாங்க. இன்னும் இருக்காங்களா?”

“எதுக்குக் கேக்கறீங்க?”

“சும்மாதான். அந்த முடி இன்னும் அப்படியே இருக்கான்னு தெரிஞ்சா கொஞ்சம் தெம்பா இருக்கும்.”

அவள் ஒரு துண்டை மூன்றாக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

“படத்துல இருக்கிறது அப்படியேதான் இருக்கு.”

“அப்பாடா,” என்றாள் அந்தப் பெண். கேட்க வந்ததைக் கேட்டுவிட்ட நிம்மதியில் போகத் திரும்பினாள்.

“இந்தாங்க,” என்று இவள் கூப்பிட்டாள். “ராத்திரிக்கு என்ன பண்ணணும்னு சொன்னாங்களா?”

“ஏதோ படிச்சாங்க. வேகமாப் படிச்சாங்க, மனசுல நிக்கல.”

கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“இறுக்கிக் கட்டாதீங்க. தொளதொளன்னு, சாட்டின் துணியில. நெத்தி ஓரத்துல எலாஸ்டிக் எதுவும் போடாதீங்க. வலிச்சா உடனே அவுத்துடுங்க. வலிக்குதுன்னா நல்லா கட்டியிருக்குன்னு அர்த்தம் இல்ல.”

அந்தப் பெண் தலையாட்டப் போனவள் ஆட்டாமல், இவளுடைய தலையைப் பார்த்தாள். கறுப்புச் சாட்டின் துணி, நெற்றியைக் கவ்விக்கொண்டு பட்டை, பிடரியில் இரட்டை முடிச்சு.

“நீங்க அப்படித்தான் கட்டுறீங்களாக்கா?”

உலர்த்தும் இயந்திரம் வேலை முடிந்ததென்று கூவியது. அவள் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலிக்காதபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து குனிந்தாள்.

“நான் எங்க கட்டுறேன்?” என்றாள், சூடான துண்டுகளை அள்ளிக்கொண்டே. “வீட்டுக்காரர்தான் கட்டுவார்.”